வால் போடாத வசனம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வயிற்றெரிச்சலில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு என் தங்கை என்னை இழுத்துக்கொண்டு போனாள். பேய்ப்படம். ‘காலி செய்யாதவள்’ என்ற படக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எனக்குப் பேய்ப்படம் ஆகாது. பயத்தினால் அல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொருவரின் கதைக்குப் பயப்படுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

படத்தின் நடுவில் ஓர் இடம் வருகிறது. காலி வீடு. வாடகைக்குப் பார்க்க வந்த இளம் கணவனும் மனைவியும் கூடத்தில் நின்று, சோபாவை எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் வேறு யாரும் இல்லை. அப்போது ஒரு பெண்குரல், கோபமே இல்லாமல், கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரி, “நான் இன்னும் கிளம்பலையே” என்கிறது. அந்தக் குரல் திரையிலிருந்து வரவில்லை. நம் பிடரிக்குப் பின்னாலிருந்து வருகிறது.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பாப்கார்ன் பறந்தது. என் தங்கை என் தோளைப் பிடித்த பிடியில் அடுத்த நாள் வரை வலி இருந்தது. நானும் திரும்பினேன்.

இத்தனை வருடமாக எழுதுகிறேன். என் கதையைப் படித்து ஒருவராவது பின்னால் திரும்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை. படித்துக்கொண்டே தூங்கியவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

திரும்பிய இடத்தில்தான் அவரைப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். எல்லோரும் பின்னால் பார்க்க, அவர் மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை அல்ல, எங்களை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக. அவர் முகத்தில் பயம் இல்லை. அதில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். உடன் எழுதுகிற யாருக்காவது பரிசு கிடைத்த செய்தி வரும் காலையில் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அவர் யாரென்று தெரியாது. டிக்கெட் கிழிப்பவராக இருக்கலாம், பல்வலிக்காரராக இருக்கலாம். நான் அவரை அந்தப் படக்கதையை வரைந்தவராக ஆக்கிக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு இந்த அதிகாரமாவது வேண்டும் அல்லவா.

2

எப்படித் தொடங்குவது?

“படக்கதைக்காரர் இருட்டில் உட்கார்ந்திருந்தார், அந்த இருட்டு அவருக்கு” — வேண்டாம். இருட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

“பொறாமை என்பது மனிதனின் ஆதி” — இதை எழுதும்போது தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “கட்டுரைப் போட்டியாண்ணா?” என்று கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

(தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நான் இருக்கும் வீட்டின் மாடியில்தான் அவள் குடித்தனம். நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். கேட்காமலே படிப்பாள்.)

சரி, இப்படித் தொடங்குகிறேன்.

படம் வெளியான வாரத்திலிருந்து படக்கதைக்காரருக்கு வரைபலகையில் கை ஓடவில்லை. வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. ஜன்னலோரம் அவருடைய மேஜை. சுவரோரம் மனைவியின் மேஜை. மைப்புட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தூரிகையைக் கையில் பிடித்தபடி, ஜனங்கள் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் காட்சி வருவதற்குச் சற்று முன்னால் போனைத் திருப்பிப் பிடித்து, பார்ப்பவர்களின் முகத்தைப் படம் எடுத்து உலகத்துக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்க்கிறாள். ஒரு தடித்த ஆசாமி பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துவிட்டு, படம் முடியும் வரை விடவே இல்லை. காதலனைக் காப்பாற்ற வேண்டிய காதலன் முதல் ஆளாக இருக்கைக்கு அடியில் போகிறான் [‘காதலியைக் காப்பாற்ற வேண்டிய’ என்று இருக்க வேண்டும். இப்படியே இருக்கட்டும், அவன் காப்பாற்றியது தன்னைத்தானே]. எல்லோரும் ஒரே நொடியில் திரும்புகிறார்கள்.

பிறகு கருத்துகள்.

“பேயைக் கடைசி வரைக்கும் காட்டவே இல்ல பாரு. அங்கதான் டைரக்டர் நிக்கிறான்.”

“பயந்து எங்க அப்பா என் மடியில உக்காந்துட்டாரு. அவரு வெயிட்டு எனக்குத்தான் தெரியும்.”

“காமிக்ஸ்ல அந்தப் பேய் மூஞ்சியப் பாத்திருக்கேன். எங்க ஆபீஸ் அக்கவுன்டன்ட் மேடம் லீவு தரமாட்டேன்னு சொல்ற மாதிரியே இருக்கும். நல்லவேளை, காட்டல.”

இந்தக் கடைசிக் கருத்துக்குத்தான் விருப்பம் அதிகம் விழுந்திருந்தது. படக்கதைக்காரர் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ‘நடுநிலை ரசிகன்’ என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, “மூலநூலில் வரும் முகமே உண்மையான திகில். படம் அதை இழந்துவிட்டது” என்று எழுதினார். உடனே ஒரு பதில் வந்தது.

“அங்கிள், நீங்க வரைஞ்சதா?”

போனைக் கவிழ்த்து வைத்தார்.

3

அவருடைய வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் நான் இவ்வளவு சிரமப்பட மாட்டேன்.

அந்த முகத்துக்காக அவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். பல்லும் நகமும் வைத்த பேய்களை அவருக்குப் பிடிக்காது. கோபம் வருவதற்கு ஒரு கணம் முன்னால் நின்றுபோன முகம் ஒன்று வேண்டும் அவருக்கு. புருவத்தைக் கொஞ்சம் தூக்கினால் ஆச்சரியமாகிவிடுகிறது. உதட்டைக் கொஞ்சம் இறுக்கினால் மாமியார் ஆகிவிடுகிறது. அழித்து அழித்துத் தாளே சல்லடையாகிவிடும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான நாட்கள்தான் அதிகம். ஆனாலும் கடைசியில் ஒரு முகம் வந்தது. அந்த முகத்தை அட்டையில் போட்டுத்தான் புத்தகம் இத்தனை பதிப்பு கண்டது.

டைரக்டர் உரிமை கேட்டு வீட்டுக்கு வந்தபோது, இந்த முன்னறையில்தான் உட்கார்ந்து டீ குடித்தார். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். இடப்பக்கம் காலிக் கூடம். வலப்பக்கம் அந்த முகம், முழுப் பக்கத்துக்கு. டைரக்டர் வெகுநேரம் பார்த்தார். படக்கதைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனால் டைரக்டர் பார்த்தது இடப்பக்கத்தை.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் இந்தத் தொழிலில் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும். படக்கதையில் ஆட்கள் பேசுவதை ஒரு வட்டத்துக்குள் எழுதுகிறார்கள் இல்லையா, அதற்கு பலூன் என்று பெயர். பலூனிலிருந்து பேசுகிறவரின் வாயை நோக்கி ஒரு கூர்முனை நீளும். அதற்கு வால். வால் தவறிப் போனால் திருடனின் வசனத்தைப் போலீஸ்காரர் பேசிவிடுவார். படக்கதைக்காரர் படத்தை வரைந்து தருவார். அவர் மனைவி அதன்மேல் கண்ணாடித்தாளை விரித்து, வசனத்தை எழுதி, பலூனைச் சுற்றி, கடைசியாக வாலை இழுப்பாள். அவள் கையெழுத்து அச்சுக்கு நிகர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய பாத்திரங்கள் எல்லாம் அவள் கையால்தான் பேசுகின்றன.

முதல் பதிப்பு அச்சுக்குப் போகிற நாள். அச்சகத்து ஆள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான். கூடத்தை வரைந்தாயிற்று, தம்பதியை வரைந்தாயிற்று, பேய் நிற்க வேண்டிய மூலை மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

“வாய் எங்க வருதுங்க?” என்று கேட்டாள்.

“இரு. வருது.”

வரவில்லை. அவள் வசனத்தை எழுதினாள், பலூனைச் சுற்றினாள். வாய் இல்லாத இடத்துக்கு வால் போட அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே கொடுத்தனுப்பிவிட்டாள். முகம் அடுத்த நாள்தான் பிறந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

புத்தகம் வந்ததும் இவர் தாம்தூம் என்று குதித்தார். “வால் எங்க? யாரு பேசறான்னே தெரியலையே! படிக்கிறவன் என்ன நினைப்பான்?”

“நீங்க வாயைக் காட்டல. நானா ஒரு வாயை எங்கன்னு வைக்கிறது?”

படித்தவர்கள் நினைத்தது வேறு. அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தோம் என்றார்கள். யார் பேசியது என்று தெரியாததால் தங்கள் பக்கத்தில் யாரோ பேசியதாகத் தோன்றியதாம். அடுத்த புத்தகத்திலிருந்து பேயின் பலூனுக்கு வால் போடுவதில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. யாரோ பேட்டியில் கேட்டபோது அவர், “அது ஒரு உத்தி” என்றார். பொய் இல்லை. யாருடைய உத்தி என்று அவர்கள் கேட்கவில்லை. பிறகு வந்த பேட்டிகளில் அது “என்னோட உத்தி” ஆயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றைக் கொட்டிக்கொண்டே வந்தால் அவ்வளவு கஷ்டம் இல்லை.

இப்போது டைரக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்: “முகம் எனக்கு ஞாபகமே இல்லீங்க. அந்த வால் இல்லாத பலூன்தான் என்னைப் பிடிச்சு ஆட்டுச்சு. அதுக்காகத்தான் இந்தப் படமே.”

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, குரல் வந்து முகத்தை விரட்டிவிட்டது. வீட்டை மாற்றிவிட்டார்கள், தம்பதியை மாற்றிவிட்டார்கள், முகத்தை எடுத்தே விட்டார்கள். வசனம் தன்னுடையதுதானே என்று படக்கதைக்காரர் கொஞ்சநாள் தேற்றிக்கொண்டார். ஒருநாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, “நான் இன்னும் கிளம்பலையே” என்று சொல்லிப் பார்த்தார். வாயோடு சேர்த்துப் பார்க்கையில் பஸ்ஸைத் தவறவிட்டவன் பேசுவதுபோல இருந்தது.

உலகம் திரும்பிப் பார்ப்பது எதற்காக என்று அவருக்கு அப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. டைரக்டர்மேல் இருந்த எரிச்சல், ரசிகர்கள்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் ஒன்றுசேர்ந்து சுவரோர மேஜைக்குத் திரும்பியது. மனைவி அங்கே உட்கார்ந்து ஒரு சிறுவர் கதைக்கு முயலின் வசனத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். அன்று அந்த முணுமுணுப்புகூட அவருக்குப் பிடிக்கவில்லை.

4

தங்கை இதுவரை படித்துவிட்டு மூன்று புகார் வைத்தாள்.

ஒன்று: “அவரு மட்டும் ‘அவர்’, அந்தம்மா மட்டும் ‘அவள்’ளா? ஒரே வயசுதானே ரெண்டு பேருக்கும்?”

இரண்டாவது புகார், நான் கைநிறைய உவமை போடுகிறேன் என்பது. அதை நான் ஏற்கவில்லை.

மூன்றாவதுதான் சுருக்கென்றது. “ஏண்ணா, இந்தம்மாவுக்குப் பொறாமையே வராதா? செவுத்துல மாட்டின படமா? எல்லா எரிச்சலும் ஆம்பளைக்கே எழுதி வச்சிருக்கா?”

ஆகவே இனி மனைவியும் ‘அவர்’. பொறாமையும் கொடுத்தாயிற்று. எங்கே கொடுத்தேன் என்றால், முதல் நாள் முதல் காட்சி முடிந்து இருவரும் வெளியே வரும் இடத்தில்.

மனைவியின் முகம் மலர்ந்திருந்தது. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி, தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

“பேயைக் காட்டவே இல்லையே” என்றார் இவர்.

“ஆமா. அதான் நல்லா இருந்துச்சு.”

“என்ன சொல்ற நீ? அந்த முகம் இல்லாம—”

“அந்த முகத்தை நான் பாத்தது போதாதா?” மனைவி நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். “எத்தனை வருஷம்ங்க. சாப்பிட வாங்கன்னு நான் கூப்பிட்டா, அவளைப் பாத்துக்கிட்டே ‘இதோ’ம்பீங்க. எனக்கு ஜுரம் வந்து படுத்திருந்தப்பகூட அவ புருவம் சரியா வரலைன்னுதான் நீங்க பொலம்பினீங்க. ரெண்டரை மணி நேரம் அவ மூஞ்சி இல்லாம ஒரு இடத்துல உக்காந்திருந்தேன். நிம்மதியா இருந்துச்சு.”

ஒரு தாள்பெண்ணின்மேல் இப்படி ஒரு எரிச்சலை வளர்த்துக்கொண்டு, அதே பெண்ணுக்கு வருடக்கணக்கில் அழகாக வசனமும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார் மனைவி. படக்கதைக்காரருக்குப் பயமாகக்கூட இருந்தது.

“வண்டி வருது, ஏறுங்க” என்றார் மனைவி.

* ஒரு நப்பாசையில், ‘அக்கவுன்டன்ட் மேடம்’ கருத்தை எழுதியதே மனைவிதான் என்று வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்படி எழுதுகிறவர் அதைக் கணவனிடம் நேராகச் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியதால் எடுத்துவிட்டேன். எடுத்ததற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

5

பிறகு அந்தக் கூட்டம் வந்தது.

படம் நன்றாக ஓடியதால், ஒரு மதியக் காட்சி முடிந்ததும் பார்வையாளர்களோடு கலந்துரையாடல் என்று ஏற்பாடு. மேடையில் டைரக்டருக்கு ஒரு நாற்காலி, படக்கதைக்காரருக்கு ஒரு நாற்காலி. மனைவியை யாரும் அழைக்கவில்லை; அவர் பெயரே யாருக்கும் தெரியாது. புத்தகத்தின் உட்பக்கத்தில் அச்சகத்தின் பெயர்கூட இருக்கிறது, வசன எழுத்து இன்னார் என்று இல்லை. முதல் பதிப்பில் விட்டுப்போனது. பிறகு யாரும் சேர்க்கவில்லை.

“நானும் வரேன். டிக்கெட் வாங்கிட்டேன்” என்றார் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே.

“மறுபடியும் பாக்கப் போறியா?”

“படம் பாக்க இல்ல. யாராவது அந்த பலூனைப் பத்திக் கேப்பாங்க.”

“கேட்டா?”

“கேட்டா பதில் சொல்லுங்க.”

“என்னன்னு?”

“அது உங்களுக்குத் தெரியாததா?”

குரலில் சண்டை இல்லை. அதுதான் வம்பு. சண்டை இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும்.

போகும் வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை. பலூனை மனைவிக்குக் கொடுத்துவிட்டால் இந்தப் படத்தில் தன்னுடையது என்று சொல்ல ஒரு தூசு மிஞ்சாது. ஊர் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியும் மனைவியுடையதாகிவிடும். கொடுக்காவிட்டால், மண்டபத்தின் நடுவரிசையில் ஒருவர் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்; நாளைக் காலையில் சுவரோர மேஜையில் உட்கார்ந்து இவருடைய பாத்திரங்களைப் பேச வைப்பவரும் அவர்தான்.

கூட்டம் கலகலப்பாகப் போயிற்று. தன் அப்பாவை மடியில் வைத்திருந்த பையன் வந்திருந்தான். அப்பாவையும் அழைத்து வந்திருந்தான். கையை விடாத தடித்த ஆசாமி எழுந்து, அன்று கை கொடுத்த புண்ணியவான் யாராக இருந்தாலும் நன்றி என்றார். ஒருவர் டைரக்டரிடம், “வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டி கூப்பிட்டப்பகூட அலறிட்டேன் சார், ரெண்டு நாளா பேச்சு வார்த்தை இல்ல” என்றார். எல்லாக் கேள்வியும் டைரக்டருக்கே போனது. படக்கதைக்காரர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. யாரையாவது எழுப்பி அவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகக் கேட்கவைக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை, எனக்கும் டைரக்டரிடம்தான் கேள்வி இருந்தது.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

“இது காமிக்ஸ் வரைஞ்ச சாருக்கு. புத்தகத்துல பேய் பேசற பலூனுக்கு மட்டும் வால் கிடையாது சார். நான் சின்ன வயசுல அதைப் படிச்சிட்டு ஒரு வாரம் தனியா தூங்கல. அதை முதல்ல யோசிச்சது யாரு?”

கூட்டம் கைதட்டியது. மைக் கை மாறி மாறிப் படக்கதைக்காரரிடம் வந்து சேர்ந்தது. அவர் வாங்கினார். நடுவரிசையைப் பார்த்தார். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பதில் தெரிந்த கேள்விக்கு மாணவன் என்ன எழுதுகிறான் என்று பார்க்கும் டீச்சரைப்போல உட்கார்ந்திருந்தார்.

6

முதல் முடிவு:

“யோசிச்சது நான் இல்லம்மா. என் மனைவி” என்றார் படக்கதைக்காரர். “அதோ, அங்க இருக்காங்க.” மண்டபம் முழுவதும் நடுவரிசையின் பக்கம் திரும்பியது. கைதட்டல் நிற்கவே இல்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு

— இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. தங்கையிடம் கொடுத்தேன். மாடிக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே படித்தாள்.

“இது நடந்தது இல்லண்ணா. நீ ஆசைப்பட்டது.”

“நடந்ததுன்னு நான் எப்பச் சொன்னேன்? கதைடி.”

“எல்லாரும் அந்தம்மா பக்கம் திரும்பறப்ப அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு? அதை மட்டும் எழுதாம விட்டுட்டியே.”

விட்டதற்குக் காரணம் இருந்தது. எழுதினால் உள்ளதை எழுத வேண்டும். உலகமே திரும்பும் அந்த நொடிக்காகத்தான் மனிதர் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தார்; அது அவர் கண்ணெதிரே, அவர் சொல்லியே, வேறொருவர் பக்கம் போகிறது. அவர் மனம் குளிர்ந்தார் என்று எழுத என் கைக்கு வரவில்லை. நான் குளிர்ந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது முடிவு:

“அது… வரையும்போது தானா வந்ததும்மா” என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. கைதட்டல். நடுவரிசையில் மனைவியும் கைதட்டினார். வண்டியில் வரும்போது, “நல்லாப் பேசினீங்க” என்றார்.

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. அந்த ‘நல்லாப் பேசினீங்க’வில் கத்தி இருக்கிறது, வாசகர்கள் கண்டுகொள்வார்கள் என்று நினைத்தேன்.

தங்கை ஒரு சட்டையை உதறினாள். “அவங்க கைதட்டுவாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? டிக்கெட் வாங்கிட்டு வந்த பொம்பளைண்ணா அவங்க. அவங்களைத் தியாகியாக்கிட்டு நீ அழகா முடிச்சிட்டுப் போயிடற.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “சொல்றது சுலபம். அப்ப நீயே முடியேன்.”

“இதுல என்ன இருக்கு” என்றாள். சொன்னாள். கொடியிலிருந்த துணி முழுவதையும் எடுத்து முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். பிறகு, “கிளிப்பு கொட்டுது பாரு, எடுத்துக் குடு” என்றாள். குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன்.

7

அவள் சொன்ன முடிவு சரியாக இருந்தது.

சரியாக இருந்தது என்று சொல்வதுகூடக் குறைவு. அதைக் கேட்டபிறகு அந்த மண்டபத்தில் வேறு எதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் இருவரையும் உண்டாக்கியவன் நான். ஒருவருக்கு மேஜையைக் கொடுத்தேன், இன்னொருவருக்கு முணுமுணுப்பைக் கொடுத்தேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால், பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவள் சொல்வாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதையே நான் சொன்னால், “அப்புறம்?” என்பார்கள். அதற்கு அப்புறம் ஒன்றும் இருக்காது. நான் எழுதக் கற்றுக்கொண்டதே, எழுத்தில் யாரும் நடுவில் ‘அப்புறம்?’ என்று கேட்க முடியாது என்பதால்தான் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அவள் ஒரு வரி எழுதியது கிடையாது. எழுதும் ஆசையும் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த முடிவை இங்கே போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் படிப்பீர்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, “இதைக் கேளேன்” என்று அந்த முடிவை மட்டும் சொல்வீர்கள். நான் பாடுபட்டு வைத்த பட்டறை, அச்சகத்து ஆளின் செருப்பு, கைவிட்ட தொடக்கங்கள், ‘நடுநிலை ரசிகன்’, எதுவும் உங்கள் ஞாபகத்தில் தங்காது. என் பெயர் மேலே இருக்கும். நீங்கள் பாராட்டுவது அவளை.

கீழே ஒரு வரி போட்டு, ‘முடிவு: என் தங்கை’ என்று எழுதலாமே என்று கேட்கலாம். எழுதிப் பார்த்தேன். அந்த வரியை வைத்ததும் அதற்கு மேலே இருப்பதெல்லாம் அதற்கு முன்னுரைபோல ஆகிவிட்டது. எடுத்தேன். பெயரை விட்டுவிட்டு முடிவை மட்டும் வைத்துப் பார்த்தேன். அதையும் எடுத்தேன். படக்கதைக்காரரைப் பற்றி இத்தனை பக்கம் நீட்டி முழக்கிவிட்டு அதைச் செய்ய, அவ்வளவு தோல் தடித்தவன் இல்லை நான்.

ஆக, அவர் மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். கண்ணாடிப் பெண் இன்னும் உட்காரவில்லை. உங்களுக்காக இவ்வளவு வேண்டுமானால் சொல்கிறேன்: தங்கையின் முடிவில் அந்த மைக் அவர் கையில் வெகுநேரம் இருப்பதில்லை. அதில் யாரும் அழுவதுமில்லை. இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, மாடிப்படியில் நின்று கேட்டாள்.

“கதைய அனுப்பிட்டியா? நான் சொன்ன முடிவைப் போட்டியா?”

“இல்ல. இடம் பத்தல.”

“பரவால்லண்ணா” என்றாள், வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே. “உன் கதைதானே.”

அவளுக்கு உண்மையாகவே பரவாயில்லை. அவள் வண்டி தெருமுனை திரும்பும் வரை நான் கதவருகிலேயே நின்றேன்.

முடிவு வேண்டும் என்பவர்கள் நீங்களாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம்; எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவும் போதாது என்றால் சாயங்காலம் வாருங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவாள். மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி இருக்கிறது, என்னைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கேட்டால் அவள் உடனே சொல்வாள். பிடித்திருந்தால், இறங்கிப் போகும்போது என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.